எம்ஜிபி காரில் ரோவர் வி8: எங்கே இடிக்கும், எதை மாற்றலாம், எதை வெட்டக் கூடாது

கேட்டவர் இங்கிலாந்தில் இருக்கிறார். அவரிடம் இருப்பது 1972-ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஸ்டியரிங் வலப்பக்கம். பழைய ரோவர் எஸ்டி1 காரிலிருந்து 3.5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினையும் அதன் ஐந்து கியர் எல்டி77 பாக்ஸையும் கழற்றி வைத்திருக்கிறார். செயினில் தொங்கவிட்டு இறக்கிப் பார்த்ததில் பானெட் மூடவில்லை, வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) ஸ்டியரிங் ஷாஃப்டை உரசுகிறது, ரேடியேட்டருக்கு இடமே இல்லை. "முதலில் எங்கே வெட்டுவது?" என்பது அவர் கேள்வி.

இப்போதைக்கு எங்கேயும் வெட்டாதீர்கள். இந்த மாற்றத்தை நான் இரண்டு கார்களில் செய்திருக்கிறேன். முதல் காரில் அவசரப்பட்டு வெட்டிய இரண்டு இடங்களை, மொத்த வேலையும் முடிந்த பிறகு தகடு வைத்துத் திரும்பப் பற்றவைத்தேன். அந்த இரண்டு வெட்டும் தேவையே இல்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது. இன்ஜினைச் சுற்றித் தொங்கும் சாமான்களை மாற்றிவிட்டால் பாடியில் கை வைக்க வேண்டிய இடங்கள் மிகக் குறைவு. அந்தச் சாமான்களை எப்படி மாற்றுவது என்பதை எம்ஜி தொழிற்சாலையே 1973-இல் செய்து காட்டிவிட்டது.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினைகளில் பாதிக்கு விடை அதில் இருக்கிறது. எம்ஜிபி 1962-இல் 1798 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜினோடு வந்தது. 1967-இல் அதே உடலில் 2912 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜினைத் திணித்து எம்ஜிசி என்று விற்றார்கள். நீளமான, கனமான இரும்பு இன்ஜின். முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பர் வழியை மறித்தது. அதை எடுத்துவிட்டு முன் சஸ்பென்ஷனையே முறுகும் கம்பிகளான டார்ஷன் பாருக்கு மாற்றினார்கள். பானெட்டில் ஒரு பெரிய மேடு, கார்ப்பரேட்டருக்கென்று அதன் மேல் இன்னொரு சின்ன மேடு. மூக்கு கனத்துப் போன கார் என்று பத்திரிகைகள் எழுதின, 1969-இல் நிறுத்திவிட்டார்கள். பிறகு கென் காஸ்டெல்லோ என்பவர் ரோவர் வி8 இன்ஜினை எம்ஜிபி-யில் வைத்து விற்கத் தொடங்கினார். ரோவரின் கார்ப்பரேட்டர்களை அவை இருந்த இடத்திலேயே விட்டதால் அவருடைய கார்களுக்கும் பானெட் மேடு தேவைப்பட்டது. 1973 ஆகஸ்டில் தொழிற்சாலை தன் சொந்த எம்ஜிபி ஜிடி வி8-ஐ வெளியிட்டது. அதன் பானெட் தட்டையாக, நான்கு சிலிண்டர் காரில் இருந்ததைப் போலவே இருந்தது! 1976 வரை 2591 கார்கள் செய்தார்கள். இடம் இல்லை என்று எல்லோரும் சொன்ன அதே இன்ஜின் அறைதான்.

இந்த இன்ஜின் அங்கே பொருந்துவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அது முழுக்க அலுமினியம். 1961-இல் ப்யூக் கார்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது, 1965-இல் உரிமையை ரோவர் வாங்கியது. எம்ஜிபி-யின் பழைய இரும்பு இன்ஜினைவிட ஏறக்குறைய 18 கிலோ எடை குறைவு. அதனால் எடைக்காக முன் சஸ்பென்ஷனை மாற்ற வேண்டியதில்லை. இரண்டு, சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருக்கிறது. செவர்லே ஸ்மால் பிளாக் வி8-இல் அது இன்ஜினின் பின்தலையில் நிற்கும், ஓட்டுநர் அறையைப் பிரிக்கும் பல்க்ஹெட் சுவரோடு நேராக மோதும். ரோவரில் அந்தச் சிக்கல் கிடையாது, அதனால் இன்ஜினைச் சுவரை ஒட்டிப் பின்னால் தள்ளலாம். நீளம் சம்பந்தப்பட்ட பிரச்சினைகள் பலவும் இந்த ஒரு சலுகையால்தான் தீர்கின்றன.

சரி, வேலைக்கு வருவோம். செயினில் தொங்கும் இன்ஜினை வைத்து எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. காரை நான்கு சக்கரத்திலும் தரையில் நிறுத்துங்கள். முன் ஸ்பிரிங்கில் முழு எடையும் ஏறியிருக்க வேண்டும். இன்ஜினுக்குள் இருக்கும் பிஸ்டன், கிராங்க் எல்லாம் கழற்றிய வெறும் பிளாக், ஹெட், முன் கவர், அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப் ஆகியவற்றை மட்டும் பூட்டிய கூடு ஒன்று கிடைத்தால் அருமை. இரண்டு பேர் தூக்கி இறக்கலாம். ஒரு நாளில் பத்து முறை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும், முழு இன்ஜினோடு அதைச் செய்தால் மூன்றாவது முறையிலேயே "போதும், வெட்டிவிடலாம்" என்று தோன்றிவிடும். என் முதல் காரில் நடந்தது அதுதான்.

கூட்டைக் கட்டைகள் மேல் உட்கார வைத்து, நகர முடியாத மூன்று பொருள்களைப் பொறுத்து இடம் முடிவு செய்யுங்கள்: கீழே கிராஸ்மெம்பரும் அதன் மேல் உள்ள ஸ்டியரிங் ராக்கும் (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்), பின்னால் பல்க்ஹெட், அப்புறம் பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம். மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம், இவற்றை மாற்றத் தொடங்கினால் நீங்கள் எம்ஜிசி செய்கிறீர்கள் என்று பொருள்.

சம்பிலிருந்து தொடங்குவேன். எண்ணெய் தேங்கும் ஆழமான பகுதி கிராஸ்மெம்பருக்குப் பின்னால் விழ வேண்டும், முன்பகுதி அதன் மேல் தாண்டிப் போக வேண்டும். எஸ்டி1 சம்பின் ஆழம் பின்பக்கம் இருப்பதால் இது அமைந்துவிடும். சம்பின் அடிப்பாகம் கிராஸ்மெம்பரின் அடிப்பாகத்தைவிடத் தாழ்ந்து தொங்கக் கூடாது. வேகத்தடையில் முதலில் தரையைத் தொடுவது கிராஸ்மெம்பராக இருந்தால் ஒரு சத்தத்தோடு போய்விடும், அலுமினியம், தகடு எதுவாக இருந்தாலும் சம்பாக இருந்தால் இன்ஜின் போய்விடும். ராக்குக்கும் கிராங்க் புல்லிக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

ஆயில் ஃபில்டர்தான் பலரை ஏமாற்றுவது. ரோவரில் ஆயில் பம்ப் முன் கவரில் கீழே இருக்கிறது, ஃபில்டர் அதிலிருந்து தொங்குகிறது. எம்ஜிபி-யில் அந்த இடம் நெருக்கடி. முதல் தடவை கூட்டை இறக்கும்போது ஃபில்டர் பூட்டாமல் இறக்கிவிட்டு, எல்லாம் பொருந்திவிட்டது என்று மகிழ்ந்து மவுண்டிங்கைப் பற்றவைத்துவிட்டால், பிறகு ஃபில்டர் ஏறாது. தொழிற்சாலை செய்தது எளிமையானது: பம்பின் அடித்தட்டை மாற்றி, இரண்டு ஹோஸ் வழியாக ஃபில்டரை முன்பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். ஃபில்டர் மாற்றும்போது கையும் சுத்தமாக இருக்கும்.

உயரம். பானெட் மூடாததற்கு இன்ஜின் காரணமில்லை, எஸ்டி1-இன் கார்ப்பரேட்டர்களும் அவை உட்கார்ந்திருக்கும் மேனிஃபோல்டும்தான் காரணம். இன்ஜினைக் கீழே இறக்கிச் சரிசெய்யலாம் என்று தோன்றும். இறக்கினால் சம்பும் ராக்கும் இடிக்கும், எக்ஸாஸ்ட் காரின் அடிச்சட்டத்தை முட்டும். மேலே கிடைத்த அரை அங்குலத்தைக் கீழே மூன்று இடத்தில் கொடுக்க வேண்டி வரும். ஆகவே இன்ஜினை அதன் சரியான இடத்திலேயே விட்டுவிட்டு, மேலே இருப்பதைத் தாழ்த்துங்கள். தொழிற்சாலை இரண்டு எஸ்யு கார்ப்பரேட்டர்களையும் இன்ஜினின் பின்பக்கம், பல்க்ஹெட்டை ஒட்டிக் கொண்டுபோய், ஒரு பெட்டி மேனிஃபோல்டு வழியாகக் காற்றை முன்னால் அனுப்பியது. அந்தப் பாகங்கள் பழைய சாமான் சந்தையில் வரும், விலை அதிகம். தாழ்வான மேனிஃபோல்டும் நான்கு வாய் கார்ப்பரேட்டரும் வைத்து, அடித்தட்டு குழிந்த ஏர் ஃபில்டர் போடுவது இன்னொரு வழி. ஃபில்டரின் மூடி பானெட்டின் உள்பக்கத்தை மிகவும் நெருங்கிவிட்டால் காற்றே போகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வேண்டுமென்றால் மேலே காற்றைச் சேர்த்துப் பகிரும் பிளீனம் பெட்டியை அறுத்து உயரம் குறைப்பவர்கள் உண்டு. 1990-களில் வந்த எம்ஜி ஆர்வி8 காரில் இன்ஜெக்ஷனுக்காகப் பானெட்டையே புடைக்க வைத்தார்கள். என் ஆசை எப்போதும் தட்டையான பானெட்தான். அந்தக் காரின் அழகில் பாதி அந்த நீண்ட பானெட்டில் இருக்கிறது.

உயரத்தைச் சோதிக்க அளவுகோல் வேண்டாம். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை இன்ஜினின் மேடான இடங்களில் எல்லாம் உருண்டையாக ஒட்டிவையுங்கள், பானெட்டை மூடித் திறவுங்கள். நசுங்கி மிஞ்சிய கனம்தான் உங்கள் இடைவெளி. 20 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எனக்கு மனசு ஒப்பாது. பானெட்டின் உள்பக்கம் இருக்கும் குறுக்குச் சட்டத்தையும் மறக்க வேண்டாம், பலமுறை இடிப்பது தகடு இல்லை, அந்தச் சட்டம்தான்.

இனி எக்ஸாஸ்டும் ஸ்டியரிங்கும். உங்கள் காரில் உண்மையான தலைவலி இது ஒன்றுதான். எம்ஜிபி-யின் ராக் முன்னால் இருப்பதால் ஸ்டியரிங் ஷாஃப்ட் வலப்பக்க சிலிண்டர் வரிசையை ஒட்டியே முன்னால் போகிறது. எஸ்டி1-இன் மேனிஃபோல்டு அகலமான காருக்குச் செய்தது, அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். மூன்று வழிகள் இருக்கின்றன. தொழிற்சாலை வி8-க்கென்று வார்த்த இரும்பு மேனிஃபோல்டு பிளாக்கை ஒட்டிப் படுத்திருக்கும், இடம் எடுக்காது, ஆனால் மூச்சு கொஞ்சம் திணறும். பிளாக்கைத் தழுவிக்கொண்டு இறங்கும் குழாய் ஹெடர்கள் அடுத்தது. விலை மலிவு, வெப்பம் முழுவதும் அறைக்குள்ளேயே தங்கும், பிளக் மாற்றக் கை நுழையாது. மூன்றாவது ஆர்வி8 காரில் செய்தது: குழாய்கள் இன்ஜின் அறையின் பக்கச் சுவரான உள் விங் தகட்டைத் துளைத்துக்கொண்டு சக்கரக் கூட்டுக்குள் போய், அங்கிருந்து கீழே இறங்கும். ஸ்டியரிங் ஷாஃப்டின் பக்கமே வராது, வெப்பமும் வெளியே போய்விடும். பாடியில் நீங்கள் உண்மையிலேயே வெட்டியாக வேண்டிய இடம் என்று நான் ஒத்துக்கொள்வது இந்த இரண்டு ஓட்டைகளைத்தான். துளையின் விளிம்பை மடித்துவிடுங்கள், சக்கரத்தை முழுக்கத் திருப்பி டயர் எங்கே வருகிறது என்று பார்த்த பிறகே குறி போடுங்கள்.

என் இரண்டாவது காரில் மூன்றாவது வழியில்தான் போனேன். முதல் காரில் தழுவிச் செல்லும் ஹெடர். ஒரு பட்டறையில் அளவு கொடுத்துச் செய்து வாங்கினேன். நின்ற காரில் ஷாஃப்டுக்கும் குழாய்க்கும் நடுவே 8 மில்லிமீட்டர் இருந்தது. போதும் என்று நினைத்தேன். ஓட்டத் தொடங்கி மூன்றாவது வாரம், முதல் கியரில் மேடு ஏறும்போது ஸ்டியரிங்கில் 'டக்' என்று ஒரு தட்டு. பானெட்டைத் திறந்தால் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயின்டில் (கோணத்தில் திரும்ப விடும் இணைப்பு) பளபளவென்று தேய்ந்த ஒரு தழும்பு. அன்றைக்குப் பயந்தது போல நான் எந்தக் காரிலும் பயந்ததில்லை. ஸ்டியரிங் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

நான் கவனிக்காமல் விட்டது இதுதான்: இன்ஜின் அசையும், அதுவும் ஒரு குறிப்பிட்ட திசையில் அசையும். கிராங்க் முன்னால் நின்று பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றுகிறது, ஆகவே ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பிளாக் எதிர்த்திசையில் திமிறும். ஓட்டுநர் சீட்டிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் தூக்கும், வலப்பக்கம் இறங்கி வெளியே சாயும். அதாவது நேராக ஸ்டியரிங் ஷாஃப்டை நோக்கி. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாகப் பூட்டப்பட்டிருப்பதால் மவுண்டிங் தாங்க வேண்டியது இன்ஜினின் முறுக்குவிசையை மட்டுமல்ல, முதல் கியர் அதை மூன்று மடங்குக்கு மேல் பெருக்கித் தரும் விசையை. ரிவர்ஸில் எல்லாம் எதிர்ப்பக்கம். கூடவே புது ரப்பர் மவுண்டிங் சில வாரத்தில் சில மில்லிமீட்டர் அமுங்கி உட்காரும்.

எனவே நின்ற இன்ஜினில் அளந்த பிறகு, அதே இடங்களை இன்னொரு முறை அசைத்து அளக்க வேண்டும். டிராலி ஜாக்கின் மேல் மரக்கட்டை வைத்து, சம்பைத் தொடாமல், பிளாக்கின் இடப்பக்க விளிம்பில் கொடுத்து ரப்பர் இழுபடும் வரை தூக்குங்கள். அந்த நிலையில் ஒருவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பட்டும், நீங்கள் விளக்கு வைத்துப் பாருங்கள். பிறகு வலப்பக்கம் தூக்கி அதே சோதனை. இப்படித் தூக்கிய நிலையிலும் ஸ்டியரிங்கைச் சுற்றி 12 மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு. பிரேக் குழாய்க்கும் வயருக்கும் எக்ஸாஸ்டிலிருந்து குறைந்தது 25, அதற்கும் நடுவே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு. வலப்பக்க ஸ்டியரிங் காரில் பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்கள் வலப்பக்க எக்ஸாஸ்டுக்கு மேலேயேதான் இருக்கின்றன. பிரேக் திரவம் கொதித்துவிட்டால் பெடல் தரைக்குப் போகும், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஷாஃப்டைக் கொஞ்சம் நகர்த்த இன்னொரு யூனிவர்சல் ஜாயின்ட் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சேர்க்கலாம், ஆனால் ஷாஃப்ட் மூன்று ஜாயின்ட் ஆகிவிட்டால் நடுவில் ஒரு தாங்கு பேரிங் கட்டாயம், இல்லையென்றால் அது கயிறு மாதிரி துவளும். ஸ்டியரிங் ஷாஃப்டில் நீங்களே பற்றவைக்காதீர்கள். ஸ்பிளைன் (பல்வரிசை) வெட்டிய ஆயத்தப் பாகங்களாகவே வாங்குங்கள்.

ரேடியேட்டர் சுலபமானது. உங்கள் 1972 காரில் அது பின்தள்ளி நிற்கிறது, வி8-இல் அதை முன்னால் நகர்த்தினார்கள். பின்னாளில் கடைசி வருடங்களின் நான்கு சிலிண்டர் கார்களிலும் முன்னாலேயே வைத்தார்கள், அந்தப் பிடிமானங்கள் கிடைக்கும். இன்ஜினில் பூட்டிய விசிறியைக் கழற்றிவிட்டு, தொழிற்சாலை செய்த மாதிரி ரேடியேட்டருக்கு முன்னால் இரண்டு மின்விசிறி. வாட்டர் பம்பின் மூக்கு நீளம் எந்த ரோவரிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து மாறும், வாங்கும் முன் அளந்துவிடுங்கள். திடீர் பிரேக்கில் இன்ஜின் முன்னால் தள்ளும், அதற்கு ஓர் அங்குலம் விட்டால் போதும்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. 1967 கடைசியில் வந்த இரண்டாம் வடிவத்திலிருந்து எம்ஜிபி-யில் கியர்பாக்ஸ் உட்காரும் நடுச்சுரங்கத்தை அகலமாக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய காரென்றால் சுரங்கத்தையே வெட்டியிருக்க வேண்டும். உங்களுக்கு எல்டி77-இல் கிளட்ச்சை மூடும் பெல் ஹவுசிங்கின் தலை, சுரங்கத்தின் வாயில் மேல் விளிம்பைத் தட்டும். அது சுத்தியல் வேலை. தகட்டைச் சூடாக்கி உருண்டைத் தலைச் சுத்தியலால் மெதுவாக ஒதுக்குங்கள். உள் விங்கும் சட்டமும் சேரும் மடிப்பு எக்ஸாஸ்டுக்கு அருகே துருத்திக்கொண்டிருந்தால் அதையும் இப்படியே படுக்க வைக்கலாம். 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தபோது வி8-க்காக மாற்றிய உள் விங்குகளையே எல்லாக் கார்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிந்தைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தட்டல் வேலை பெரும்பாலும் கிடையாது.

இடம் போதவில்லை என்று கியர்பாக்ஸின் வாலை இஷ்டத்துக்கு இறக்கிவிடாதீர்கள். கியர்பாக்ஸின் வெளி ஃப்ளேஞ்சும் (இணைப்புத் தட்டு) பின் ஆக்சிலின் ஃப்ளேஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், இரண்டு முனையிலும் ஷாஃப்டின் கோணம் சமமாக, 3 பாகைக்குள். இது தவறினால் 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் முழுவதும் ஒரு நடுக்கம் வரும், ஷாஃப்டை எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது.

பற்றவைப்பது இதற்கெல்லாம் பிறகுதான். மவுண்டிங்குகளை முதலில் புள்ளி புள்ளியாக ஒட்டுங்கள். ஆயில் ஃபில்டர் ஹோஸ், ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர், ஹீட்டர் ஹோஸ், கிளட்ச் குழாய் எல்லாவற்றையும் பூட்டிப் பாருங்கள். அப்புறம் ஸ்பேனரை எடுத்து ஸ்டார்ட்டரைக் கழற்ற முடிகிறதா, எட்டு பிளக்கும் வெளியே வருகிறதா, பெல் ஹவுசிங்கின் மேல் போல்டுக்கு சாக்கெட் எட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். பாகம் உட்கார இடம் இருந்தால் போதாது, கையும் ஸ்பேனரும் போக இடம் வேண்டும். ஸ்டார்ட்டர் எக்ஸாஸ்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. மழை பெய்யும் சாலையோரத்தில் அதைக் கழற்ற வேண்டிய நாள் ஒன்று வரும்.

வெட்ட வேண்டாம் என்று நான் இத்தனை முறை சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டனில் இன்ஜின் எண்ணோ கொள்ளளவோ மாறினால் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவிக்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும். நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு இருக்கிறது, ஆனால் கார் கணிசமாக மாற்றப்பட்டிருந்தால் அது போய்விடலாம். தொழிற்சாலையே அந்தக் காரில் வைத்து விற்ற இன்ஜின் வகை என்று காட்ட முடிவது உங்களுக்குப் பெரிய சாதகம். சுரங்கத்தையும் சட்டத்தையும் அறுத்துத் தள்ளியிருந்தால் அந்தச் சாதகம் கைவிட்டுப் போகும். விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் ஆயிரம் மைலுக்குப் பிறகு எம்ஓடி நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். நம் கண்ணுக்குப் பழகிப்போன தவறு இன்னொருவர் கண்ணில் படும்.

அந்த ஆயிரம் மைல் ஓடும் முன்பே, நூறாவது மைலில் காரை மேலே தூக்கி விளக்கோடு கீழே படுத்துப் பாருங்கள். எங்காவது பெயிண்ட் தேய்ந்து தகடு மின்னினால், எங்காவது ஹோஸ் பளபளத்தால், அங்கே உரசுகிறது. சந்தேகமான இடங்களில் முன்கூட்டியே ஒரு கோட் வெள்ளை பெயிண்ட் அடித்து வைத்தால் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. முதலில் ஸ்டியரிங் ஜாயின்டைப் பாருங்கள்.